எழுதிக் கொடுக்காத பங்கு

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கிணற்றுக்கு நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒருவர் முறை பாதியில் நின்றால் மிச்சத் தண்ணீர் யாருக்கு என்று வரப்பில் சண்டை. அதற்காகத்தான் நானும் என் நண்பனும் முறைக்கணக்கு வைக்க, கைபேசியில் ஓடும் ஒரு மென்பொருள் எழுதினோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் நிரலைத் திறந்து வைத்தோம். மின்வெட்டு தின்ற நேரத்தை அடுத்த முறையில் சேர்க்கும் பகுதி அவன் எழுதியது. அதுதான் அதற்கு உயிர்.

போன வருடம் சின்னசேலம் சாலையில் பைக் விபத்தில் அவன் செத்துப்போனான்.

பிறகு ஏதோ ஒரு கம்பெனி எங்கள் நிரலைத் தன்னுடையது என்று பூட்டி விற்க ஆரம்பித்தது. சும்மா கொடுப்பதற்கு எதற்கு உரிமை என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா கொடுக்கவும் உரிமை வேண்டும். இப்படிப்பட்ட மென்பொருள்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று, எழுதிய எல்லோரும் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தால் வழக்கைத் தானே நடத்துவதாகச் சொன்னது. அவனுக்கு வாரிசு அவன் அப்பா. மோட்டார் கொட்டகையில் போய்ப் பார்த்தேன்.

"எழுதிக் குடுத்துட்டா அவன் பேரு இருக்குமா?" என்றார்.

"இருக்குங்கப்பா. உரிமை மட்டும்தான் மாறும்."

"மேலண்ட கெணத்துப் பங்க எழுதி வாங்கறப்ப எங்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. இப்ப பட்டாவுல என் பேரு எங்க இருக்குது? புள்ள வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். அத்தயும் குடுத்துட்டு இன்னா பண்ணிக்கினு இருப்பேன்? நான் கையெழுத்து போட மாட்டேன் தம்பி."

எவ்வளவோ சொன்னேன். மனிதர் மசியவில்லை. கையெழுத்து இல்லையென்றால் அவன் பகுதியை நீக்கிவிட்டு, அதைப் பார்க்காமல் புதிதாக எழுதித் தாருங்கள் என்றது அறக்கட்டளை. மனப்பாடமானதை எப்படிப் பார்க்காமல் இருப்பது? நீக்கியபோது கோப்பின் தலையில் இருந்த அவன் பெயரும் சேர்ந்து போனது. அழுதேன். வேறு வழியில் சுற்றிவளைத்து எழுதி முடித்தேன்.

மறைக்க மனம் வராமல் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"நீ எழுதுனது ஓடுதா?"

"ஓடுதுங்கப்பா."

"அவன் எழுதுன மாதிரியேவா?"

"அதே மாதிரிதாங்க."

"அப்ப அவன் இல்லன்னாலும் ஆவும்னு ஆயிடுச்சு" என்றார்.