சித்தப்பாவின் குடாக்கடல்

சித்தப்பா பின்லாந்திலிருந்து அனுப்பிய படமொன்று எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. வெள்ளை வெளியின் நடுவே ஒரு குட்டிக் கதிரையில், தடித்த ஜாக்கெட்டோடு இருந்து சிரிப்பார். பனி மூடிய வயல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன தை மாதம் அவர் இறந்தார். அங்கேயே தகனம் முடிந்தது. இங்கே ஸ்காபரோவில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயர், மண்டபம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காகிவிட்டன. அஸ்தியும் அன்றைக்கே கடலில் கரைய வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். சித்தப்பாவின் மனைவி பின்லாந்துக்காரி. கொட்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு முன்னாலிருக்கும் சின்னக் குடா உறைந்து கிடக்கிறது, உருகும்வரை பொறுங்கள், அப்போது நீங்களும் வாருங்கள் என்று அவர் கெஞ்சினார். பெரியப்பாவோ பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவர். "லேக் உறையும், கடல் எங்கையாவது உறையுமே? உது சாட்டு. உவவுக்கு எங்கட முறை என்ன விளங்கும்?" என்றார். கடலைப் பற்றி அவர் சொன்னால் எங்களுக்கு அப்பீல் இல்லை. அஸ்திக்குப் பதில் தர்ப்பையை வைத்துக் காரியத்தை முடித்தோம். வடை பாயசத்தோடு அந்த மனுசியையும் சேர்த்து மென்றோம்.

வைகாசியில், பனி கரைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவிலாவது வாருங்கள் என்று அவர் குடும்பக் குழுவில் எழுதினார். "காரியம் முடிஞ்சுது, இனி என்ன?" என்று பெரியப்பா பதில் போட்டார். 

அந்த ஞாயிறு, என் மோர்னிங்சைட் வீட்டுச் சமையலறையில் நான் மட்டும் போனோடு இருந்தேன். திரையில் கற்பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் மெல்ல அசைந்தது. சித்தி தண்ணீரைக் காட்டினார். "உவர் மாரியில உது உறைஞ்சாப்பிறகு அதுக்கு மேல கதிரை போட்டு இருந்துதான் மீன் பிடிக்கிறவர். படம் அனுப்பினவரெல்லோ?" என்றார். அவருடைய தமிழெல்லாம் சித்தப்பாவிடம் கேட்டுப் பழகியது. படத்தில் நாங்கள் வயல் என்று நினைத்தது இந்தக் கடலைத்தான். நாலு மாதமாக அவர் சாம்பலோடு காத்திருந்தது எங்களுக்காக. நாங்கள் அவரைப் பொய்க்காரி ஆக்கியிருந்தோம்.

"எல்லாரும் நிக்கினமோ?" என்று கேட்டார்.

என் முகம் மட்டும் தெரியும்படி போனைக் கிட்டப் பிடித்தேன். "ஓம் சித்தி, எல்லாரும் நிக்கிறம்."

அவர் பாறையில் முழந்தாளிட்டு, சாம்பல் பெட்டியைத் திறந்து, அதற்குள் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, எல்லாரும் வந்திட்டினம்."