பீலித் தண்ணீரில் ஓடிய கம்ப்யூட்டர்

இரண்டாயிரத்து நாலா, ஐந்தா என்று இப்போது சரியாக நினைவில்லை. நுவரெலியா மலைப்பக்கம், பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வருடம் மழை விடாமல் பெய்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைக்குக் கீழேயே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். நான் வீட்டில் சிறிய கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று நடத்திக்கொண்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நடக்கும் கல்யாணங்களை வீடியோவாகத் தொகுத்துக் கொடுத்து வந்தேன். கெமரா பிடிப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு என்றதும் எல்லோரும் தேயிலை வாசனையைத்தான் சொல்லிப் பொறாமைப்படுவார்கள். வாசனையோடு சேர்ந்து வரும் பஞ்சைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தேயிலையைச் சலிக்கும்போது எழும் பழுப்புப் பஞ்சு அது. காயப்போட்ட துணியிலும் படியும், சோற்றுப் பானை மூடியிலும் படியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காற்றாடி அதை ஆசை ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்யாண வீடியோவைக் கடைசியாக ஒன்றுசேர்க்க என் கம்ப்யூட்டர் அரை நாள் விடாமல் ஓடவேண்டும். பஞ்சடைத்த காற்றாடியோடு ஓடினால் சூடேறிப் பாதியிலேயே அணைந்துவிடும். நுவரெலியா குளிரில் உட்கார்ந்துகொண்டு "கம்ப்யூட்டருக்குச் சூடு தாங்கவில்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். காற்றாடிக்குப் பதிலாகத் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டை இறக்கும் கம்ப்யூட்டர். எனக்குப் பொறி தட்டியது. காற்றே போகாத பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்துவிட்டால் பஞ்சும் போகாது, சூட்டைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கணவரிடம் படத்தைக் காட்டினேன். குழாய், மோட்டர் என்றால் அந்த மனிதருக்குச் சாப்பாடு கூட வேண்டாம்.

பெட்டிக்கு அலையவில்லை. தேயிலையைக் காகித மூட்டையில் அனுப்பத் தொடங்கிய பிறகு, பழைய பலகைத் தேயிலைப் பெட்டிகள் தொழிற்சாலை ஸ்டோரில் சும்மா கிடந்தன. உள்ளே ஈயத்தாள் ஒட்டி, ஓரத்தில் தகரம் அடித்த பெட்டி. ஒன்றைக் கேட்டு வாங்கி, மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். கம்ப்யூட்டரில் சூடேறும் சிப்பின் தலையில் வைக்க, ஒரு செப்புக் கட்டியைப் பட்டறையில் கொடுத்து, தண்ணீர் ஓட உள்ளே துளை போட்டு வாங்கி வந்தார் கணவர். தண்ணீரைச் சுற்றவிடக் கண்டியிலிருந்து மீன் தொட்டி மோட்டர் ஒன்றும் வாங்கி வந்தோம். அந்த மோட்டரைப் பார்த்தபோதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது.

"ஏன்டி, மோட்டரு எதுக்கு? மேல பீலியில தண்ணி ராப்பகலா சும்மாதானே கொட்டுது? ஒரு குழாய அங்க மாட்டி, பொட்டிக்குள்ள வுட்டு, அடுத்த பக்கம் தோட்டத்துக்கு வுட்டுட்டா முடிஞ்சிச்சு. மலையே நமக்கு மோட்டருதான்."

பீலி என்றால் மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிடுகிற இடம். எங்கள் வீட்டுக்குக் குடிதண்ணீரே அங்கிருந்துதான். பத்திரிகைக்காரனுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்திருக்காது என்று நானும் பெருமைப்பட்டேன். மீன் தொட்டி மோட்டர் அலுமாரிக்கு மேலே போயிற்று. பீலித் தண்ணீர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, வெளியே வந்து, எங்கள் முட்டைக்கோவாப் பாத்திக்குப் பாய்ந்தது. முதல் நாள் செப்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "மிஸ் வீட்டுல கம்ப்யூட்டரே தண்ணி போடுது" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டியில் நான் செய்த முதல் வேலை, எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் நடந்த ஒரு கல்யாணம். மணப்பெண் என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவள். அவளுடைய அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்தக் கல்யாணமே அக்காவின் உழைப்பில் நடந்ததுதான். ஆனால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதே ஊரில் வேலை செய்யும் இன்னொரு பெண் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை குவைத் திரும்புகிறாள், அவள் கையில் சீடியைக் கொடுத்து அனுப்பவேண்டும். அந்த ஆளை விட்டால் அடுத்து யார் எப்போது போவார்கள் என்று சொல்லமுடியாது.

"அக்கா ஒவ்வொரு தடவ பேசுறப்பவும் அதத்தான் கேக்குது மிஸ். எப்பிடியாச்சும் முடிச்சிக் குடுங்க" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நானும் தைரியமாகத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டரின் சர்க்கிட் பலகையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. "மூட்டுல ஒழுகுது" என்றார் கணவர். எல்லாவற்றையும் கழற்றி, அடுப்பு அனலில் காட்டிக் காயவைத்து, மூட்டுகளில் டேப் சுற்றி, பசை பூசி மறுபடியும் மாட்டினார். அடுத்த நாளும் அதே கதை. மறுபடியும் கழற்றி, மறுபடியும் சுற்றினார். அவர் விரலால் தடவிப் பார்க்கும்போது மூட்டு காய்ந்திருக்கும். மூட்டே இல்லாத இடத்தில், குழாயின் நடுவில், தண்ணீர் நிற்கும்.

சரி, பாவம், ஓய்வு கொடுப்போம் என்று ஒரு இரவு கம்ப்யூட்டரை அணைத்து வைத்தோம். பீலித் தண்ணீரை நிறுத்தவில்லை. காலையில் பார்த்தால் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நனைந்து கிடக்கிறது! ஓடினால் கொஞ்சம் நனைகிறது, ஓடாமல் இருந்தால் அதிகம் நனைகிறது. இது என்ன கணக்கு?

கணவர் விடவில்லை. ஒரு பீப்பாயில் பீலித் தண்ணீரைப் பிடித்து, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை அதில் அள்ளிக் கலந்து, பீப்பாயை உயரத்தில் ஏற்றிக் குழாயை அதில் மாட்டினார். ஒழுகினால் நீலமாக ஒழுகும், இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். நல்ல திட்டம்தான். இருவரும் டோர்ச் லைட்டோடு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குழாயின் மேல் ஒரு சொட்டு உருண்டு திரண்டது. பளிங்கு மாதிரி, நீலமே இல்லாத சொட்டு.

அவர் அந்தச் சொட்டை விரலில் தொட்டு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம தண்ணியே இல்ல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கூரை ஒழுகுகிறது என்று பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினோம். எலியின் வேலை என்று பொறி வைத்தோம். யாரோ வேண்டாதவர்கள் செய்வினை வைத்துவிட்டார்களோ என்று கூட, வெளியே சொல்லாமல், நான் யோசித்தேன். எங்கள் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட கம்பியூட்டருக்குத் தடிமன் பிடிச்சிருக்கு. மூக்கால வடியுது. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். எனக்கு அழுகை வராத குறை. மணப்பெண் தினமும் வந்து வாசலில் நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை. கொல்லையில் மழையில் நனைந்தபடி விறகு பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். சோறு கொதித்து அறை முழுக்க ஆவி. வழக்கம்போல என் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. வழக்கம்போல முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் மங்கியது. மறுபடியும் துடைக்கப் போன கை அப்படியே நின்றது. என் கண்ணாடியில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? எந்த மூட்டு ஒழுகியது?

சமையலறைக்கு அடுத்த சுவர்தான் கம்ப்யூட்டர் அறை. மழைக்கால ஈரக் காற்று, அடுப்பு ஆவி எல்லாம் அங்கேதான் போகிறது; குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும், நாங்கள் மூடியைத் திறந்து திறந்து பார்த்தபோதும் பெட்டிக்குள்ளும் புகுந்திருக்கிறது. நடுவில் ராப்பகலாக ஜில்லென்று மலைத் தண்ணீர் ஓடும் குழாய். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து சொட்டுகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஓடினால் அதன் சூட்டில் குழாய் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், குறைவாக நனையும். அணைத்துவிட்டால் ஜில்லிட்டுப் போகும், அதிகமாக நனையும். அந்த மாஸ்டர் விளையாட்டாகச் சொன்னது ஏறக்குறைய உண்மைதான். ஒரு வாரமாக நாளுக்கு நாலு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறேன்.

"என்னங்க, பீலிக் குழாய புடுங்குங்க! வாளியில வெந்நி கலந்து கொண்டாங்க!" என்று கத்தினேன்.

"வெந்நியா? கம்ப்யூட்டர குளிர வைக்கவா, குளிப்பாட்டவா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாரம் முழுக்கத் தூங்காததில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார். விளக்கிச் சொன்ன பிறகும் முழுசாக நம்பவில்லை. ஆனால் அலுமாரி மேலிருந்து மோட்டரை எடுத்து வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர் வாளியிலிருந்து பெட்டிக்குப் போய், மறுபடியும் வாளிக்கே வந்தது. நேரம் போகப் போக வாளித் தண்ணீர் சூடேறினால் கொஞ்சம் எடுத்து ஊற்றிவிட்டு, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலப்பார். குழாய் காய்ந்தே இருந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சீடி கையில் வந்தது. மணப்பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நானும் அவரும் தரையிலேயே உட்கார்ந்து சிரிசிரி என்று சிரித்தோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. குவைத்திலிருந்து அந்த அக்கா. சீடி கிடைத்ததாம், பார்த்துப் பார்த்துத் தேய்த்துவிட்டாளாம். நன்றி சொன்னாள். பிறகு தயங்கினாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. தாலி கட்டி முடிஞ்சோன்ன எங்கம்மா கெமராவ பாத்து என்னமோ சொல்றாங்க. பாட்டு ஓடுது, வாய் மட்டுந்தான் அசையுது. அம்மாகிட்ட கேட்டா, ஒண்ணும் சொல்லலேன்னு சிரிக்கிறாங்க. என்னா சொன்னாங்க மிஸ்?"

கல்யாண வீடியோ என்றால் அசல் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே பாட்டுப் போடவேண்டும். அதுதான் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அந்த இடத்துக்கு நல்ல பாட்டாகத் தேடிப் போட்டதும் நான்தான். அந்த அம்மா பேசியதை நான் கவனித்தது கூட இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதானே அந்த வாரம் முழுக்க என் கவலை.

நல்லவேளை, கெமரா கேசட்டை இன்னும் அழிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழைக்கச் சொன்னேன். கேசட்டைக் கெமராவில் போட்டு அந்த இடத்தைத் தேடி வைத்தேன். மறுபடியும் அழைப்பு வந்ததும் ரிசீவரைக் கெமராவின் ஸ்பீக்கருக்கு அருகே பிடித்தேன்.

மேளச் சத்தம் அடங்குகிறது. அந்த அம்மா, புதுப் புடவையில், கெமராவுக்கு மிக அருகில் வந்து குனிந்து பார்க்கிறார். கெமராவும் தொலைபேசி போலத்தான், மகள் இந்த நிமிடமே அந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"மூத்தவளே... கேக்குதாடி? சாப்ட்டியா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கெமராவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். யாரோ வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை நகரவில்லை.

ரிசீவருக்குள்ளிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "கேக்குதும்மா... சாப்ட்டேம்மா."

அந்தப் பதில் அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பது எனக்கு இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து எந்த வீடியோவிலும் யாருடைய உதடாவது அசைந்தால், பாட்டை நிறுத்திவிட்டு முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன்.