சுசீலாபாயின் பெண்டிங் கேள்விகள்

வலது கையால் அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டே இடது கையை உயர்த்தி, "நில்லும், கேள்வியை ஒருக்கா கூடச் சொல்லும். மேல கொண்டுபோகணும்லா?" என்கிறார் சுசீலாபாய். ஆரியசாலையில் வெங்காய மொத்த வியாபாரம் செய்யும் ஞானையன் தன் வீட்டு வாசலில் நின்று மறுபடி சொல்கிறார்: கடவுள் நல்லவர் என்றால், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத தன் தங்கைக்குப் புற்றுநோய் ஏன் வந்தது? சுசீலாபாய் தலையாட்டுகிறார். "செரி. போட்டிருக்கேன்."

இது எங்கள் சபையின் பிடியரிசிச் சுற்று. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்போம். சனிக்கிழமை காலையில் சுசீலாபாய் வீடுவீடாக வந்து வாங்கிப்போவார். எல்லார் வீட்டுச் சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் அந்த ஒரே பையில் கலக்கும். அவர் தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கடவுளையும் ஒரு மேலதிகாரியாகத்தான் நடத்துகிறார். யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. அதை ஜெபத்தில் வைப்பார். அடுத்த வாரம் மறக்காமல் வந்து நிலவரம் சொல்வார். "கேட்டேன் மக்களே. ஒரு உத்தரவும் வரல்ல. பெண்டிங்கு."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஜனங்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்? சபைப் பத்திரிகையில் 'ஐயமும் விடையும்' பக்கத்தை எழுதுகிறவன் நான். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். துன்பம் ஏன் என்று கேட்டால், மனிதனுக்குத் தரப்பட்ட சுதந்திரத்தில் தொடங்கிச் சிலுவையில் கொண்டுவந்து முடிப்பேன். படைப்பா பரிணாமமா என்றால், இரண்டுக்கும் சண்டையே இல்லை என்று நிறுவுவேன். ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு சந்தேகத்தோடு என் வாசலில் வந்து நின்றவர் யாரும் இல்லை.

அந்த அம்மாளுக்கோ ஒரு வசனம் ஒழுங்காக வராது. தனக்குப் பிடித்ததையெல்லாம் பவுல் சொன்னதாக அடித்துவிடுவார். ஊர்வம்பும் உண்டு. சர்க்கரை நோய்க்காகச் சீனியில்லாத சாயா கேட்டுவிட்டு, "பழம்பொரி உண்டெங்கில் ஒண்ணு எடு" என்று வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கித் தின்பார். கோயிலுக்குள் இருப்பதெல்லாம் கள்ளக்கூட்டம் என்று வருஷக்கணக்காக உள்ளே வராமலிருந்த நேசையனிடம், "உள்ளதுதான். நானும் இருக்கேன்லா அதுல" என்றாராம். அடுத்த ஞாயிறு நேசையன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதே ஆட்சேபத்துக்கு நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஷெர்லின் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஷெர்லின் என் மகள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவள் முழங்காலில் நின்று ஜெபித்த ஒரு குழந்தை மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபோனது. அன்றிலிருந்து குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. நாங்கள் பாட்டை எடுத்ததும் எழுந்து அறைக்குப் போய்விடுகிறாள். கேட்கப்படாத ஜெபங்களைப் பற்றி அவளுக்காகவே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது மீன்சட்டிக்கு அடியில் கிடந்தது.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசற்படியில் சுசீலாபாய் உட்கார்ந்திருந்தார். பிடியரிசியைக் கொடுக்கப் போன ஷெர்லின் உள்ளே திரும்பவில்லை. ஜன்னலோரம் போய் நின்றேன்.

"ஆன்ட்டி, என் கேள்வி என்னாச்சு?"

அப்படியானால் முன்பே கேட்டிருக்கிறாள். பெற்ற தகப்பனிடம் கேட்காததை இந்த அம்மாளிடம் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் வரல்ல மக்களே. நேத்தும் அந்தப் பிள்ளைக்க பேரைச் சொல்லி வழக்கு கூடினேன். சிலுவையில கெடந்து அவருக்க மகனே கேட்டாருல்லா, ஏன் என்னை விட்டுட்டீருன்னு? அப்பவும் மேலேருந்து ஒரு பதிலும் வரல்லியே."

"பின்ன கேட்டு என்ன காரியம்?"

"கேக்காம விட்டா ஃபைல க்ளோஸ் பண்ணிருவாவ. அந்தப் பிள்ளைக்க ஃபைல க்ளோஸ் பண்ண விடப்பிடாது. நாளைக்கு நீயும் வா, ரெண்டு பேரும் சேந்து கேப்போம்."

ஷெர்லின் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதங்களாகிவிட்டன. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது பொறாமைதான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"அதுக்கெல்லாம் தெளிவா பதில் இருக்கே அக்கா. நான் எழுதியே கொடுத்திருக்கேன்."

ஷெர்லினின் சிரிப்பு நின்றது. சுசீலாபாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பதில் அங்க கெடக்கட்டும் சாரே. அந்தப் பிள்ளை போனப்போ சாருக்கு ஒண்ணும் கேக்கத் தோணல்லியா?"

தோன்றியிருந்தது. மகள் கேட்ட அதே கேள்விதான். அதை அடக்கத்தான் அத்தனை பக்கம் எழுதினேன். ஷெர்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுசீலாபாய் பக்கத்தில் இருந்த அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, படியில் எனக்கு இடம் விட்டார்.