நான் கழற்றிய சிவப்பு அட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுத்தாலே அந்த மருந்தின் நாற்றம் மூக்கில் ஏறும். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாகும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வேப்பம்பட்டிலிருந்த அவள் தங்கை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். பொருத்திய பிறகு தினம் இரண்டு வேளை ஒரு எண்ணெய் மருந்து. பாலில் கலந்தால் பாலே ஊசிப்போனதுபோல வீசும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் ஓட்டுகிறவன் என்று தெரிந்து, டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். "காவல் காக்கிற வெள்ளை அணுவுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. அதுமேல பாஸ்பேட் ஒட்டியிருக்கும். ரிப்பேர் நேரத்துல யாரும் போடக்கூடாதுன்னு உங்க சுவிட்ச்சுல சிவப்பு அட்டை தொங்குமே, அது மாதிரி. வேற ஆளோட உறுப்பைப் பார்த்தா உள்ள ஒருத்தன் அட்டையைக் கழட்டிடுவான். உடனே அடிக்கச் சொல்லி உத்தரவு போயிடும். கழட்டுற அந்தக் கையைத்தான் இந்த மருந்து பிடிச்சுக்குது. ஒரு வேளைகூட விடாதீங்க."

பெரிதாகத் தலையாட்டினேன்.

ஆடியில் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். பார்க்க வந்த அவள் அண்ணன் மருந்து பாட்டிலைக் கண்டு கத்தினார்.

"இன்னா மச்சான், அம்மாவே ஊட்டுக்கு வந்துகீறா, நீ இங்கிலீஷ் மருந்து ஊத்திக்கினு கீறியே! உன்னப் போயி பக்திமான்னு தெருவே சொல்லுது!"

அந்தக் கடைசிப் பேச்சில்தான் விழுந்தேன். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

"என் தங்கச்சி வவுத்த அறுத்துக் குடுத்ததுங்க. மருந்த எடுங்க," என்று மனைவி கெஞ்சினாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தினதும் எடுக்கிறேன். அம்மா பாத்துப்பா."

தண்ணீர் ஊற்றிய அன்றே முகம் வீங்கிச் சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "அம்மைன்னு சொல்லியிருந்தா அதுக்கும் மருந்து இருந்துச்சே," என்றார் டாக்டரம்மா. சிறுநீரகம் பிழைக்கவில்லை; உயிர் பிழைத்தவள் டயாலிசிஸுக்குப் போனாள்.

வராந்தாவில் கொழுந்தியாள் என்னைப் பார்த்த பார்வை, செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. "எனக்கு ஒண்ணுதான் மிச்சம் கீது மாமா. அத்தயும் பரண்ல வெச்சிடாத."

இன்றும் வெள்ளிதோறும் அம்மன் கோயிலுக்குப் போகிறேன். மருந்தை நிறுத்து என்று அந்த அம்மன் என்னிடம் கேட்டதே இல்லை. சொந்தக்காரர்கள் இதை அம்மன் குத்தம் என்று சொல்லித் திரிவதைக் கேட்டால் எழுந்து வந்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது அந்த மருந்து குடித்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கதையை மாற்றிவிடாதீர்கள். அந்தப் பாட்டிலைப் பரணில் வைத்தது நான்.