அப்பா மத்தளம், மாமா ஊசி

அந்தப் புத்தகங்களைப் பிரித்தால் முதலில் டீசல் மணக்கும்; சில பக்கங்கள் தள்ளிய பிறகுதான் பழைய காகிதத்தின் மணம் மெல்ல எழும்பி வரும். கோதுமை ஏற்றிக்கொண்டு திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், தான் வாசித்து முடித்த சித்திரக்கதைப் புத்தகங்களை ஒரு சாக்குத் துண்டில் சுற்றி, துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்த என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சண்டை தொடங்கிய பிறகு இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களைக் கடைகளில் காண்பதே அருமையாகிவிட்ட காலம் அது. எனக்கும் என் தம்பிக்கும் அந்தச் சாக்குத் துண்டுக்குள் இருந்ததைப் போல ஒரு செல்வம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

எல்லாப் புத்தகங்களிலும் அதே இரண்டு பேர்தான். ஒருவன் மத்தளம், குண்டன், புதையல் தேடி அலைபவன், திட்டம் போடுவதில் சூரன், ஆனால் அவன் போட்ட எந்தத் திட்டமும் அடுத்த பக்கம் வரை தாக்குப்பிடித்ததில்லை. மற்றவன் ஊசி, ஒல்லியன், இலை விழுந்தாலும் நடுங்குபவன், மத்தளத்தின் திட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை எவருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடுபவன். ஒவ்வொரு கதையிலும் ஓரிடத்தில், “நீ வேண்டுமானால் போய்ச் சாவு, நான் வரமாட்டேன்” என்று ஊசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அதற்கு அடுத்த படத்தில் இருவரும் ஒரே ஓடத்தில் இருப்பார்கள். ஊசி துடுப்பு வலித்தபடி மத்தளத்தைத் திட்டிக்கொண்டிருப்பான். எப்போது மனம் மாறினான், எப்படி ஏறினான் என்று எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் தம்பி நிலத்தில் விழுந்து உருண்டு சிரிப்பான். எனக்கோ சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வரும், அதற்கு அப்போது பெயர் தெரியாது.

அந்தப் பொதி வந்து சில வாரங்களில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கொட்டியார்க் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் வயலும் மாடுமாகத் தனி ஆளாக இருந்தவர். சண்டை நெருங்கி, ஊர் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது அவரும் மூதூர் வந்து, “லாஞ்சி” என்று நாங்கள் சொல்லும் இயந்திரப் படகில் ஏறி, கையில் ஒரு பையோடு எங்கள் படலையடியில் வந்து நின்றார். கதவைத் திறந்த அப்பா அவரைப் பார்த்தார், வழிவிட்டார், உள்ளே திரும்பி, “இஞ்சாரும், உம்மட தம்பி வந்திருக்கிறார்” என்று அம்மாவுக்குச் சொன்னார். மாமாவிடம் ஒரு சொல் பேசவில்லை. மாமாவும் அப்படித்தான்.

காரணம் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் தகப்பனார் கட்டைபறிச்சானில் செத்துப்போனபோது அப்பா செத்தவீட்டுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் முதல் நாளே போய்ச் சேர்ந்திருந்தாள். மருமகன் வராமலே பாடை எடுத்தார்கள். ஊருக்கு முன்னால் தன் தகப்பனை அப்பா அவமதித்துவிட்டார் என்று மாமா நினைத்தார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதபோது தான் ஏன் சொல்லவேண்டும் என்று அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஆகவே ஒரே கூரைக்குக் கீழே, சின்ன வீட்டில், இரண்டு ஆண்கள் அம்மாவின் வாயால் பேசிக்கொண்டார்கள். “உம்மட தம்பியைச் சாப்பிடச் சொல்லும்.” “அக்கா, அத்தானுக்குச் சவர்க்காரம் கிணத்தடியில கிடக்குதெண்டு சொல்லு.” இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரந்தான் இருக்கும். அம்மா முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், கடைசியில் அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கத்துக்கு வந்துவிட்டாள்.

பின்னேரம் ஆனால் ஊரடங்கு. மின்சாரம் வந்தால் வந்ததுதான். ஒரே ஒரு “லாம்பு” வெளிச்சத்தில் எனக்கும் தம்பிக்கும் புத்தகத்துக்காகப் பிடுங்குப்பாடு. ஒருநாள் அது அடிபிடியில் முடிந்தபோது அம்மா குசினியிலிருந்து கத்தினாள்: “ஆராவது ஒராள் சத்தமா வாசிச்சுத் துலையுங்கோ!” அப்படித்தான் அப்பா வாசிக்கத் தொடங்கினார்.

என் அப்பாவை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மெலிந்த உடம்பு, அடங்கிய குரல், மேலதிகாரி முன்னால் கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருக்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள். ஆனால் மத்தளத்தின் வசனம் வந்ததும் அவருடைய நெஞ்சு எங்கிருந்தோ காற்றை இழுத்துக்கொள்ளும், குரல் தடிக்கும், கை தானாக எழும்பும். ஊசியின் வசனம்தான் அவருக்கு வரவே வராது. இரண்டு பேரையும் ஒரே குரலில் வாசித்துவிடுவார். “அப்பா, இது ஆர் கதைக்கிறது?” என்று தம்பி இடையிடையே கேட்டு எரிச்சல்படுத்துவான்.

ஒரு மாலை மத்தளம் ஒரு பாலத்தின் கயிற்றை அறுக்கத் திட்டம் சொல்லி முடித்திருந்தான். அப்பாவுக்குத் தடிமன், இருமல் வந்து வாசிப்பு நின்றுவிட்டது. அப்போது கதவடியில் இருட்டுக்குள் இருந்து ஒரு நடுங்கும் குரல் வந்தது.

“ஏலாது. ஏலாதெண்டா ஏலாது. நாங்கள் நிக்கிறதே அந்தப் பாலத்திலதான்!”

மாமா! தடித்த மீசையும் மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்த கையுமாக, காளையை ஒற்றைக் கையால் மடக்குகிற மனிதர் கோழிக்குஞ்சு போலக் கீச்சிட்டார். வயலில்லாமல், செய்ய வேலையில்லாமல் பகலெல்லாம் வீட்டிலிருந்தவர், நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வாசித்துப் பாடமாக்கி வைத்திருந்திருக்கிறார். புத்தகத்தில் “என்னால் முடியாதப்பா” என்றுதான் இருந்தது. மாமாவின் வாயில் அது எங்கள் கரைப் பேச்சாக மாறி வந்தது. தம்பி உருண்டான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வசனத்தை மத்தளத்தின் குரலில், கதவடியைப் பார்த்து வாசித்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. லாம்பு கொளுத்தியதும் மாமா கதவடியில் வந்து குந்துவார். கதை நடக்கும் நேரம் மட்டும் இரண்டு பேரும் ஆளையாள் திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், மடையன் என்பார்கள். புத்தகம் மூடியதும் வீடு பழையபடி ஆகிவிடும், “அக்கா, அத்தானைப் பாயை எடுக்கச் சொல்லு.” அம்மாவுக்கு இதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் குசினியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் குறைந்திருக்கும்.

ஊரே குரலைத் தாழ்த்திப் பேசிய நாட்கள் அவை. தெருவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கடையில் விலை கேட்பதுகூட முணுமுணுப்பாகத்தான். அப்படியான நாட்களில் இரண்டு ஆண்கள் வாய்விட்டுச் சண்டை பிடிப்பதைக் கேட்பதில் எவ்வளவு ஆறுதல் இருந்தது என்பதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

மாமாவுக்கு மாட்டு யோசனை. வெளிக்கிட்ட அன்று எருமைகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்திருந்தார். ஆர் பட்டியில் நிற்கின்றனவோ, ஆர் இறைச்சியாக்கினார்களோ என்று அம்மாவிடம் ஓயாமல் புலம்பினார். ஒருநாள், அடுத்த நாள் லாஞ்சியில் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். அம்மா அழுது பார்த்தாள். அந்தக் கரையில் எந்த ஊர் யார் கையில் என்பது வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. தனியாகப் போகிற திடகாத்திரமான ஆண் ஒருவரை ஆமி மறித்துப் பார்க்கும் எந்தச் “செக்கிங்”கிலும் சும்மா விடமாட்டார்கள். போனவர்கள் சிலர் வரவில்லை.

அன்று மாலையும் அப்பா புத்தகத்தை விரித்தார். மத்தளமும் ஊசியும் ஒரு குகை வாசலில் நின்றார்கள். நான் அப்பாவின் தோளுக்கு மேலால் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்பதும் பார்ப்பதும் ஒத்துவரவில்லை.

“தனியப் போறியோ? செக்கிங்கில மறிச்சா என்ன சொல்லுவாய்?” என்றார் அப்பா, மத்தளத்தின் தடித்த குரலில். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை.

கதவடியிலிருந்து ஊசியின் கீச்சுக் குரல்: “மாடு பாக்கப் போறன் எண்டு சொல்லுவன்.”

“நம்புவாங்களோ?”

“நம்பமாட்டாங்கள். எனக்குப் பயம்தான். எண்டாலும் அதுகள் நான் வளத்த சீவன். வாறன் எண்டு ஒரு சொல் சொல்லாமல் விட்டிட்டு வந்திட்டன்.”

அப்பா பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை.

“அண்டைக்கு நானும் வந்தனான்,” என்றார். குரல் இன்னும் மத்தளத்தினுடையதுதான். “செத்தவீட்டுக்கெண்டு வேட்டியோட இறங்குதுறைக்கு வந்தனான். லாஞ்சி விடேல்லை. பொழுதுபடும் வரைக்கும் நிண்டனான். விடேல்லை.”

குசினியில் சத்தம் முழுதாக நின்றுவிட்டது. தம்பி, “இது எந்தப் பக்கம்?” என்று என் காதில் கேட்டான். நான் அவன் வாயைப் பொத்தினேன். மாமா எழும்பி, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

காலையில் மாமா பையோடு வெளிக்கிட்டார். அப்பா வழமைபோலச் சோற்றுப் பார்சலோடு வேலைக்குப் போனார். பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் வந்தார்கள், அப்பா வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த, அப்பாவோடு வேலைபார்த்த ஒருவர் வந்து சொன்னார்: “அக்கா, அண்ணை காலமையே லீவு எழுதிக் குடுத்திட்டார். மூதூர் லாஞ்சியில கண்டவங்கள். பக்கத்தில ஒரு பெரிய மீசைக்காரர் இருந்தவராம்.”

அம்மா படியில் அப்படியே இருந்துவிட்டாள். தம்பிதான் சிரித்தான். “அப்பா ஓடத்தில ஏறிட்டார்!” என்றான். அம்மா அவனுக்கு ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு, உடனே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அதன் பின் வந்த நாட்களில் அவள் சமைத்தாள், ஆனால் சாப்பிட்டதை நான் காணவில்லை. குடாவுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்குப் போய்க் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். புத்தகத்தை நாங்கள் தொடவில்லை.

அவர்கள் திரும்பி வந்ததை முதலில் காதால்தான் அறிந்தோம். தெருமுனையில் இரண்டு ஆண்கள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டுக் கனகாலம்; அயலவர்கள் யன்னல் திறந்து பார்த்தார்கள்.

“நேற்றைய லாஞ்சியை விட்டது உங்களாலதான் அத்தான்! செருப்புத் தேடப் போனது ஆர்?”

“சேத்துக்குள்ள இறக்கினது ஆர்? வழி தெரியும் வழி தெரியுமெண்டு கூட்டிக்கொண்டு போய் இறக்கினது ஆர்?”

அப்பாவின் ஒரு காலில் செருப்பில்லை. முழங்கால்வரை சேறு. மாமாவின் கன்னத்தில் ஒரு கீறல். மாடு இல்லை. ஒன்றைக் கண்டார்களாம், மூதூரில் தெரிந்த ஒருவரின் பட்டியில் விட்டுவிட்டு வந்தார்களாம், மற்றவை போனது போனதுதான். இருவருமாகச் சுடலைக்கும் போய் வந்திருந்தார்கள். அதைப் பற்றி மாமா சொன்னது, “அத்தான் கும்பிட்டவர்” என்ற இரண்டு சொல்தான்.

ஆனால் செக்கிங் கதையை அவர் வருடக்கணக்காகச் சொன்னார். மாமாவை மறித்து ஒரு பக்கம் நிற்பாட்டினார்களாம். அப்பா முன்னால் போய்த் துறைமுக அடையாள அட்டையை நீட்டினாராம். இவன் உனக்கு ஆர் என்று ஆமிக்காரன் கேட்க, அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “மகே மஸ்ஸினா,” என் மச்சான், என்றாராம். அதையும் மேலதிகாரிக்கு முன்னால் பேசுகிற குரலில் அல்ல, நெஞ்சை நிமிர்த்தி, மத்தளத்தின் குரலில். “ஆமிக்காரனுக்குச் சொன்ன சொல்லை இவ்வளவு காலமா எனக்குச் சொல்லேல்லையே மனுசன்” என்று மாமா கதையை முடிப்பார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்களுக்குத்தான் நட்டம். அதற்குப் பிறகு வாசிப்பு உருப்படவில்லை. அரைப் பக்கம் போவதற்குள் இரண்டு பேரும் புத்தகத்தை விட்டுவிட்டு, எருமைப்பால் நல்லதா பசுப்பால் நல்லதா, அந்தப் பாதையில் இடப்பக்கம் திரும்பியிருக்கவேண்டுமா என்று சொந்தச் சண்டைக்குப் போய்விடுவார்கள். மத்தளமும் ஊசியும் குகைக்குள் அகப்பட்டபடியே இருந்தார்கள்.

இன்று மூதூருக்கு லாஞ்சியை நம்பியிருக்க வேண்டியதில்லை. கிண்ணியா வழியாகப் பாலங்கள் மேல் பஸ் போகிறது. புத்தகங்கள் கறையானுக்குப் போயின. எந்தப் பட்டியலிலும், எந்தப் பழைய புத்தகக் கடையிலும் அந்த இருவரின் பெயரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மகன் கணினியில் ஒரு சாகச விளையாட்டு விளையாடுகிறான். அதிலும் இரண்டு பேர், ஒருவன் திட்டம் போடுகிறான், மற்றவன் புலம்புகிறான். என் மகனைப் போன்றவர்கள் உலகமெங்கும் இருந்து, இந்தச் சோடியை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வசனம் என்கிறார்கள், முகபாவம் என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் சண்டை பிடித்துவிட்டு விலகிப் போகாத ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்ற நம்பிக்கைதான் ஆபத்தின் நடுவிலும் அவர்களை அப்படிப் பேச வைக்கிறது என்று நான் நினைக்கிறேன். சிரிப்போடு சேர்ந்து எனக்கு அன்று வந்தது அந்த நம்பிக்கைதான்.

அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. மாமா இப்போது எங்களோடு இருக்கிறார். மகன் விளையாடும்போது பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பாஷை விளங்காமலே சரியான இடங்களில் சிரிப்பார். போன கிழமை மகன் கேட்டான்: “தாத்தா, இதில உங்களுக்கு ஆரைக் கூடுதலாப் பிடிக்கும்?”

“ஒருத்தனை மட்டும் பிடிக்க ஏலாது, அப்பன்,” என்றார் மாமா. திரையைப் பார்த்தபடியே, எனக்குக் கேட்கவேண்டும் என்று இல்லாமல் சொன்னார்: “அத்தான் போனாப் பிறகு எனக்கு ஒருத்தரோடையும் கோவமே வருகுதில்லை.”