கண்ணை மூடிக்கொண்டு லண்டன்

பாலக்காட்டிலிருந்து லண்டன் போன எங்கள் சுற்றுலாக் குழுவில் முதலமடை மாந்தோப்புக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ஆறடி உடம்பு, அடிக்கடி முறுக்கிக்கொள்ளும் மீசை. ஆனால் உயரம் என்றால் பயம். கடைசி நாள் காலை, ஆற்றங்கரை ராட்சத ராட்டினத்தின் முன்னால் நின்றோம்.

"ஏனுங்க, நீங்க ஏறலீன்னா நானும் ஏறலீங்க. ஊருக்குப் போயி மாமரத்துல தூரி கட்டி ஆடிக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

மாந்தோப்புக்காரர் ஏறினார். கண்ணாடிக் கூண்டின் கதவு மூடியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"என்ன தெரியுது? சொல்லு புள்ள."

"ஆறு நம்ம வாய்க்காலாட்டம் வளையுதுங்க. அரமண தீவனக் குடோனாட்டம் கெடக்குது. ஐயோ, கண்ணத் தொறந்துறாதீங்க, இன்னும் மேல போறோம்!"

அரைமணி நேரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அதே கூண்டின் மறுபக்கம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் மனைவியை இழுத்துக்கொண்டு அவர் மறுபடி வரிசைக்குப் போனார்.

"பயம் போயிடுச்சா?" என்றேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "எங்கீங்க போகுது? உச்சியில ஒருக்கா கண்ணத் தொறந்தனுங்க. அவ வெளியவே பாக்கல, எம் மொகத்தயே பாத்துச் சொல்லீட்டிருந்தா. பாவம், இன்னும் லண்டனப் பாக்கவே இல்லீங்க. இந்தவாட்டி நான் கண்ணத் தொறந்துக்கோணும், அப்பத்தான் அவ வெளிய பாப்பா."

விமானத்துக்கு நேரமாகிறதென்று வழிகாட்டி கத்தினார். அதற்குள் அவர்கள் ஏறிய கூண்டு மேலே போனது. அவர் கண் திறந்திருந்ததா என்பது கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை.