இந்தா வாரேன் சாமி

என் கைப்பேசியில் ஒரு குரல் பதிவு இருக்கிறது. முதலில் காற்று பாறையில் உரசும் சத்தம். பிறகு நாக்கை மடித்து எழுப்பும் ஓர் ஓசை. அதன்பின் ஒரு பெண்குரல்: "இந்தா வாரேன் சாமி." அப்புறம் பேச்சே கிடையாது. செருப்புக் காலடிகளும் ஆட்டுமணிகளும் தூரப் போய்க்கொண்டே இருக்கும்.

குரலுக்கு உரியவர் ஆட்டுக்காரக்கா. எருமப்பட்டிக்கு அப்பால், மழை மறந்துபோன மேட்டுக் காடுகளில் செம்மறி மேய்ப்பவர்களுக்குக் கைப்பேசி பழக்கும் வேலை எனக்கு. அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். கால்நடை டாக்டருக்கு ஆட்டின் படம் அனுப்புவது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குரலிலேயே சேதி அனுப்புவது, இவைதான் பாடம். கரடு என்று அவர்கள் சொல்லும் பாறைக்குன்றின் அடியில், ஆடுகள் மேயும் இடத்திலேயே வகுப்பு.

யாருக்காவது பேசி அனுப்புங்கள் என்றேன். அக்காவுக்குப் பேச ஆள் தோன்றவில்லை. ஆடுகளைக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு விட்டாரா? கைப்பேசியைப் பாறைமேல் வைத்துவிட்டு மந்தையை நோக்கி நடந்தே போய்விட்டார். கையை எடுத்தாலும் பதிவாகும்படி பூட்டிவைக்க நான்தான் காட்டியிருந்தேன், அதனால் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவரிடம், "நின்ன எடத்துலயே பேசலாங்க்கா, நடக்க வேண்டாம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டு நின்னுட்டா ஆடு நம்பாதுங்க டீச்சரு. மறுக்கா கூப்புட்டா வராது."

அதை எனக்கே அனுப்பச் சொன்னேன்; சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அந்தப் பதிவு என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் அக்கா கரட்டுமேல் வெயில் தாங்காமல் விழுந்து செத்துப்போனார். நான் பழக்கிய கைப்பேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது ஆடுகள் பட்டிக்குள் அடைந்து நின்றன. அக்காவின் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆடுகளுக்கு அவரைப் பழக்கமில்லை. அவர் பின்னால் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தழை ஒடித்துப் போட்டால் முகர்ந்துவிட்டு நின்றன. குட்டிகள் சாக ஆரம்பித்திருந்தன. போர்வெல் வேலையும் நின்றுபோயிருந்ததால் பிழைக்க அவருக்கு வேறு வழியும் இல்லை. அக்காவின் கைப்பேசியோ வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருந்தது.

"அவ கொரலு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பட்டியின் படலைத் திறந்துவைத்து ஒலிக்கவிட்டேன். எல்லா ஆடுகளும் ஒன்றாகத் தலை தூக்கின. பதிவில் காலடிகள் தூரப் போகப் போக, அவை வெளியே வந்து, கைப்பேசியைத் தாண்டி, எங்கள் இருவரையும் தாண்டி, கரட்டைப் பார்த்து நடந்தன. யாரோ முன்னால் போவதுபோலத்தான் நடந்தன. வீட்டுக்காரர் ஆடுகளின் பின்னாலேயே ஓடினார்.

பதிவை அவருக்கு அனுப்பிவிட்டு வந்தேன். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. வாரேன் என்று சொல்லி வராத குரலை ஆடுகள் எத்தனை நாள் நம்பும்? மழைக்காலம் முடிந்து போன் செய்தேன்.

"ஆடெல்லாம் போகுதுங்களா?"

"தெனமும் போகுதுங்க."

"இன்னுமா அந்தக் கொரல நம்புதுங்க?"

பின்னால் மணிச்சத்தம் கேட்டது.

"அவ நின்னுட்டாத்தானுங்க நம்பாது" என்றார்.

இங்கே ஏற்காடு ரோட்டில் வண்டிகள் இரைந்துகொண்டிருக்கின்றன. பதிவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. எப்போதாவது எடுத்து, "இந்தா வாரேன் சாமி" வரைக்கும் கேட்கிறேன். அன்றைக்குத் தூரப் போன காலடிகள் இப்போது எந்தப் பக்கம் நடக்கின்றன என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. அதற்குள் நிறுத்திவிடுகிறேன்.